டீச்சரைக் கேளுங்கள்: தண்ணி ஒத்துக்கிச்சா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, ஊர் மாறியவர்களுடையது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) போனவர்கள், பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள், புது வேலையில் சேர்ந்தவர்கள். அதனால் இந்த ஆங்கிலப் பக்கத்தில் இம்முறை "அக்ளைமடைஸ்" என்ற ஒரு வினைச்சொல்லையும் அதன் சொந்தபந்தங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரை வழக்கம்போல் போடவில்லை. சிலாங்கூரில் நம் பெஸ்தாரி ஜெயா சின்ன ஊர். பெயர் போட்டால் மறுநாள் மீன் கடையில் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

டீச்சர், நான் செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் மண்டோர், அதாவது மேற்பார்வை ஆள். நர்சரி வேலை பார்க்கிறேன். மகள் செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்கு, அபர்டீன் என்ற ஊருக்குப் படிக்கப் போனாள். நவம்பர் கடைசியில் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி அனுப்பினாள்: "ஐ'ம் ஸ்டில் அக்ளைமடைசிங், அப்பா." எனக்கு விளங்கவில்லை, கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதுதான் அங்கிள்" என்கிறான். அட்ஜஸ்ட் என்றால் அட்ஜஸ்ட் என்றே எழுதியிருக்கலாமே? பிள்ளைக்கு அங்கே ஏதோ கஷ்டம், நம்மிடம் மறைக்கிறாள் என்று என் மனைவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தம்பி, முதலில் வீட்டில் சொல்லுங்கள்: பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. "உடம்பு இன்னும் பழகிக்கிட்டு இருக்குப்பா" என்றுதான் எழுதியிருக்கிறாள். சாப்பிடச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

இனி சொல்லுக்கு வருவோம். அ-க்ளை-ம-டைஸ். அழுத்தம் "க்ளை"யில் விழ வேண்டும். நம் பிள்ளைகள் முதல் எழுத்தில் போட்டு அமுக்குவார்கள். முப்பது வருடம் திருத்திப் பார்த்துவிட்டேன். அமெரிக்கர்கள் வாலை வெட்டி "அக்ளிமேட்" என்பார்கள். இரண்டும் ஒரு தாய் பிள்ளைதான். கடைசியில் எஸ் போடுவதா, இஸட் போடுவதா என்றும் சிலர் கேட்பார்கள். எது போட்டாலும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

இந்தச் சொல்லின் வயிற்றைக் கீறினால் உள்ளே "கிளைமேட்" இருக்கும். பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதற்கும் பின்னால் போனால் கிரேக்கத்தில் "கிளிமா". சரிவு, சாய்வு என்று பொருள். பூமியின் எந்தப் பகுதியில் வெயில் எவ்வளவு சாய்வாக விழுகிறது என்று பார்த்து அந்தக் காலத்தில் உலகத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். அந்தச் சாய்வுதான் பிறகு தட்பவெப்பம் என்று ஆனது. உங்கள் மகள் இருக்கிற பட்டையில் டிசம்பர் கடைசியில் பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இங்கே நமக்கு வருஷம் முழுக்க ஏழு, ஏழரைக்குள்தான். ஏழரை வரை வெளிச்சத்தில் ஓடி விளையாடிய பிள்ளைக்கு மூன்றரை மணிக்கு ராத்திரி வந்தால் உடம்பு குழம்பத்தானே செய்யும்? குளிரைக் கூடச் சட்டைக்கு மேல் சட்டை போட்டுச் சமாளிக்கலாம். இருட்டுக்கு எதைப் போர்த்துவது?

அட்ஜஸ்ட் வேறு. அதுவும், தமிழில் நாம் சொல்கிற அட்ஜஸ்ட் வேறேயோ வேறு! பஸ்ஸில் மூன்று பேர் உட்கார்ந்த இருக்கையில் நாலாவது ஆள் இடுப்பை நுழைத்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனால் "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அண்ணே". மருமகளுக்குச் சொல்கிற புத்திமதியும் அதுவே. நம் வாயில் அது "பொறுத்துப் போ" என்பதற்கு ஆங்கிலச் சட்டை. ஆங்கிலக்காரனுக்கு அட்ஜஸ்ட் என்றால் நாற்காலியின் உயரத்தை ஏற்றி இறக்குவது, கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவது. அதாவது ஒன்றைக் கொஞ்சம் நகர்த்திச் சரியாக வைப்பது. மனிதர்களுக்கும் சொல்வார்கள், ஆனால் அதில் பொருமல் கிடையாது. உங்கள் மகள் "அட்ஜஸ்டிங்" என்று எழுதியிருந்தால், உங்கள் மனைவி தமிழ்க் காதால் அதைப் படித்துவிட்டு மூன்று நாள் பட்டினி கிடந்திருப்பார். பிள்ளை யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள்.

அக்ளைமடைஸில் யாரும் யாரையும் பொறுத்துக்கொள்வதில்லை. உடம்பு தானாக, மெதுவாக, நாள் கணக்கில் ஒரு வேலை செய்கிறது. மலையேறுகிறவர்கள் இந்தச் சொல்லைத் தினமும் சொல்வார்கள். 1997 மே 23-ல் நம் மகேந்திரனும் மோகன்தாஸும் எவரெஸ்ட் உச்சியில் கொடி பிடித்தார்களே, மலேசியர்களில் முதல் இருவர். அவர்கள் நேராக ஏறிவிடவில்லை. எவரெஸ்ட்டில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் ஏறி, இறங்கி வந்து படுத்து, மறுபடி இன்னும் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கி என்று வாரக்கணக்கில் கீழ் முகாமில் காலம் தள்ளுவார்கள். அதற்குள் உடம்பு மூச்சை வேகமாக வாங்கப் பழகும், சிவப்பணு கூடும். மெல்லிய காற்றிலேயே இரத்தம் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கும். அதுதான் அக்ளைமடைஸ். ஆனால் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற திபெத்தியர்களுக்கு இந்தச் சொல் போதாது. அவர்களுடைய மரபணுவே உயரத்துக்கு மாறியிருக்கிறது. அதற்கு "அடாப்ட்". ஒரு ஆள் தன் ஆயுளுக்குள் பழகினால் ஒன்று, ஒரு கூட்டமே தலைமுறைகளாக மாறினால் இன்னொன்று. உயிரியல்காரர்கள் இதில் கறாராக இருப்பார்கள். மற்றவர்கள் இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள், நானும்தான்.

இவ்வளவும் எதற்கு, தம்பி? நீங்கள்தான் தினம் தினம் இந்த வேலையைச் செய்கிறீர்களே! முளைவிட்ட விதையைச் சின்னப் பாலிபேக்கில் போட்டு, வலைக்கு அடியில் மூன்று மாதம் வைக்கிறீர்கள். பிறகு வலையை ஒரேயடியாக உருவிவிடுவீர்களா? மாட்டீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெயிலைக் காட்டி, பெரிய பைக்கு மாற்றி, ஒரு வருஷம் போல ஆன பிறகுதான் காட்டுக்கு அனுப்புவீர்கள். வலையை எடுத்த முதல் வாரம் இலை கொஞ்சம் வெளுத்தால் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிவீர்களா? உங்கள் மகள் இப்போது வலை எடுத்த முதல் வாரத்தில் இருக்கிறாள்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் அம்மா சொன்னது. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சரவாக்கில் வேலை கிடைத்தது, காப்பிட்டில். சிபுவில் இறங்கி, ரெஜாங் ஆற்றில் விசைப்படகில் மணிக்கணக்காகப் போக வேண்டும். அப்போது சடக்கு (சாலை) கிடையாது. ஆறு தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடும். குடிக்க மழைத் தண்ணீர். போன மூன்றாம் நாள் வயிறு பிடுங்கியது. பிறகு கையெல்லாம் தடிப்பு. வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, என் தம்பியின் கையெழுத்து. முதல் வரி நலம் நலமறிய. இரண்டாவது வரி: "தண்ணி ஒத்துக்கிச்சா?" எனக்கு வயிற்றுவலி என்று அவருக்கு யார் சொன்னது?

பக்கத்து அறையில் ஓர் இபான் (சரவாக் பழங்குடி) ஆசிரியை. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்த இரண்டாவது வரியை ஆங்கிலத்தில் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன். "ஹேஸ் த வாட்டர் அக்ரீட்" என்று இழுத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அக்ரீட் வித் யூ" என்று வாக்கியத்தை முடித்துக் கொடுத்தார். பார்த்தால் ஆங்கிலத்திலும் அதே கதைதான்! சாப்பாடு சேரவில்லை என்பதற்கு "த ஃபுட் டஸன்'ட் அக்ரீ வித் மீ" என்பார்கள். வயிறு விஷயத்தில் இரண்டு மொழியும் ஒன்று. ஊர் விஷயத்தில்தான் பிரிகின்றன. தமிழில் தண்ணீர் நம்மை ஒத்துக்கொள்ள வேண்டும், நாம் காத்திருப்போம். ஆங்கிலத்தில் தண்ணீர் சும்மா இருக்கும். நாம்தான் அக்ளைமடைஸ் ஆக வேண்டும். எழுவாய் மாறிவிடுகிறது.

இலக்கணம் ஒரே ஒரு விஷயம். பின்னால் "டு" வரும், அந்த "டு"வுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வரும், அல்லது "இங்" வரும். "அக்ளைமடைஸ் டு த கோல்ட்" சரி. "அக்ளைமடைஸ் டு லிவிங் அலோன்" சரி. "டு லிவ் அலோன்" என்று எழுதினால் சிவப்பு மை. இந்த "டு" வினைச்சொல்லின் முன்னால் வருகிற "டு" இல்லை. நம் "-க்கு" உருபு மாதிரி. குளிருக்கு, தனியாக இருப்பதற்கு. "-க்கு" போட்டுச் சொல்லிப் பார்த்தால் தவறவே மாட்டீர்கள்.

மகளுக்கு இன்றே பதில் போடுங்கள். கட்டைவிரல் வேண்டாம். "தண்ணி ஒத்துக்கிச்சாம்மா?" என்று தமிழில் கேளுங்கள்.

டீச்சர், நான் படிவம் ஐந்து மாணவி. உபகாரச் சம்பளத்துக்கு எழுதிய கடிதத்தில் "ஐ கேன் அடொப்ட் டு எனி என்வைரன்மென்ட்" என்று எழுதினேன். நேர்காணலில் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "எத்தனை என்வைரன்மென்ட்டைத் தத்தெடுக்கப் போகிறாய்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஆளைப் பற்றி நான் நினைப்பதை இங்கே எழுதினால் இதழாசிரியர் அச்சிட மாட்டார். கேலி செய்யாமலும் திருத்தலாம், கண்ணு. அது அவருக்குத் தெரியவில்லை. உனக்கு ஓர் எழுத்து தெரியவில்லை. உன் தவறு ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

அடாப்ட், ஏ எழுத்து: உன்னை மாற்றிக்கொள்வது. "ஆப்ட்" என்றால் பொருத்தமான என்று பொருள், அதிலிருந்து வந்தது. அடொப்ட், ஓ எழுத்து: தேர்ந்து எடுத்துக்கொள்வது. குழந்தையைத் தத்தெடுப்பது, ஒரு கொள்கையை ஏற்பது. உள்ளே "ஆப்ஷன்" என்ற சொல்லின் சொந்தக்காரன் இருக்கிறான். அடெப்ட், ஈ எழுத்து: கைதேர்ந்தவர், இது வினையே இல்லை. உன் வாக்கியத்தில் "டு" இருந்ததல்லவா? அடொப்ட்டுக்குப் பின்னால் "டு" வராது. "டு" வந்தால் ஏ எழுத்து. இதை மட்டும் வைத்துக்கொள், போதும்.

அடாப்ட்டுக்கும் மேலே மண்டோர் தம்பி கேட்ட அக்ளைமடைஸுக்கும் என்ன வித்தியாசம் என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறாய். அதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

செம்பனை ஆப்பிரிக்க மரம். இங்கே நட்டபோது மரம் நன்றாக வந்தது. ஆனால் காய் சரியாகப் பிடிக்கவில்லை. ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குத் தூளைக் கொண்டுபோகிற பூச்சி ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டது. அதனால் அந்த வேலையைப் பெண்கள் செய்தார்கள். என் அம்மாவும் செய்தார். பூந்தூளை டால்கம் மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய், விரிந்த பெண் பூவாகப் பார்த்து ஊத வேண்டும். விரிந்த பூவைக் கண்டுபிடிப்பது மூக்கால். அதற்குச் சோம்பு வாசனை வரும். பள்ளி விட்டு வந்தால் அம்மாவின் முந்தானையில் சோம்பும் பவுடரும் கலந்து ஒரு வாசனை இருக்கும். கறிக்குழம்பு கொதிக்கிற வீட்டில் எனக்கு இன்னும் அம்மா ஞாபகம்தான் வரும்.

1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து அந்தப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அரிசி வண்டு மாதிரி மூக்கு நீண்ட சின்ன வண்டு. வேறு பயிரைத் தின்றுவிடுமா என்று முதலில் சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். விட்டதும் அது பரவிய வேகம்! புது ஊர் அதன் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. இதுதான் அக்ளைமடைஸ்: உயிர் அதேதான், வேலையும் அதேதான், ஊர் மட்டும் புதுசு. அம்மா கதை வேறு. அவர் ஊர் மாறவில்லை, வேலை போய்விட்டது. மறு மாதம் கோணியைக் கொடுத்து உதிரிப் பழம் பொறுக்கச் சொன்னார்கள். மூக்கால் செய்த வேலை போய், முதுகால் செய்கிற வேலை வந்தது. குனிந்து பழகினார், கோணி தூக்கப் பழகினார், சம்பளக் கணக்கைப் புதிதாகப் போடப் பழகினார். அம்மா செய்தது அடாப்ட்.

அடுத்த கடிதத்தில் "ஐ அடாப்ட் குவிக்லி" என்று எழுதாதே. எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். எதற்கு அடாப்ட் ஆனாய் என்று ஒரு சம்பவத்தை எழுது.

டீச்சர், 38 வருடம் லயத்து வீட்டில் இருந்துவிட்டு இப்போது அடுக்குமாடி வீட்டில் நாலாவது மாடியில் இருக்கிறேன். பேத்தியோடு ஆங்கிலம் பேசிப் பழகுகிறேன். "ஐ ஆம் யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபோர்" என்றேன். தப்பு என்கிறாள் பேத்தி. அவளும் விளக்கத் தெரியாமல் முழிக்கிறாள்.

பேத்தி சொல்வது சரி, அக்கா. இங்கே இரண்டு "யூஸ்ட் டு" இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள், பார்த்தால் ஒன்று போலவே இருக்கும்.

"ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபோர்." முன்னால் "ஆம்" இல்லை. முன்பெல்லாம் நாலு மணிக்கு எழுவேன், இப்போது இல்லை. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவதற்கு) ஓட வேண்டிய காலத்துக் கதை.

"ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபோர்." முன்னால் "ஆம்", பின்னால் "இங்". நாலு மணிக்கு எழுவது எனக்குப் பழகிவிட்டது, சிரமமில்லை. பெரட்டு இல்லாவிட்டாலும் கண் தானாகத் திறக்கிறது.

உங்களுக்கு எது? கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: நாலு மணிக்கு எழுந்து, போக வேலை இல்லாமல், பலகணியில் நின்று கீழே நிற்கிற லோரிகளை எண்ணுவதாக. அப்படியானால் இரண்டாவதுதான். பழகிக்கொண்டே வருகிற நிலைக்கு "ஆம்" இருக்கிற இடத்தில் "ஆம் கெட்டிங்" போடுங்கள்: "ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு த ஸ்டேர்ஸ்." படி ஏறிப் பழகுகிறேன். சொல்லும்போது "யூஸ்ட்... டு" என்று நிறுத்த வேண்டாம். "யூஸ்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

சேவல் வளர்க்க விடமாட்டேன் என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது ஆங்கிலக் கேள்வி இல்லை. ஆனாலும் வருத்தமாக இருந்தது.

டீச்சர், தமிழ் இதழில் மாதா மாதம் இரண்டு பக்கம் ஆங்கிலத்துக்கா? இது தமிழுக்குச் செய்கிற துரோகம் இல்லையா?

ஐயா, உங்கள் கடிதத்திலேயே "பழைய கித்தாக்காட்டுச் சடக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். கித்தா என்கிற ரப்பர், மலாய்க்காரரின் கெத்தா. சடக்கு வடநாட்டிலிருந்து வந்தது. கித்தா மரம் பிரேசிலிலிருந்து வந்தது: 1876-ல் விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், முளைத்து, 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. கோலகங்சாரில் அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. கியூவிலிருந்து கன்றுகளை அனுப்பியது கண்ணாடிப் பெட்டியில், கப்பல் உப்புக்காற்று படாமல். நம் ஆட்கள் நாகப்பட்டினத்தில் ஏறியபோது அவர்களுக்குக் கப்பலின் மேல்தளம். பினாங்கு வந்ததும் ஜெர்ஜாக் தீவில் அடைத்து வைத்து நோய் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு விட்டார்கள்.

நம் ஊருக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறதே, மலாயாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதலில் நட்டது அங்கேதான், 1917-ல். நட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஃபோகோனியே. தென்கிழக்காசியச் செம்பனைக்கு மூதாதை, 1848-ல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் வைத்த நாலே நாலு கன்று. ஆப்பிரிக்க மரம், ஜாவா வழி, பிரெஞ்சுக்காரர் கை, தோட்டத்தின் பெயரோ தமிழில் தென்னைமரம்! அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம் ஊருக்கே பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் போய் பெஸ்தாரி ஜெயா வந்தது. எனக்கு இன்னும் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

தமிழுக்கு இதெல்லாம் ஒத்துக்கொண்டது, ஐயா. இந்த இரண்டு ஆங்கிலப் பக்கமும் ஒத்துக்கொள்ளும்.

டீச்சர், ராவாங் பக்கம் தொழிற்சாலையில் வேலை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்டுச் சூப்பர்வைசருக்கு எழுதினேன். "வீ கேன்னாட் அகாமடேட் யுவர் ரிக்வெஸ்ட்" என்று பதில். அகாமடேஷன் என்றால் தங்குகிற இடம்தானே? நான் ரூம் கேட்கவில்லையே!

சிரித்துவிட்டேன், தம்பி, மன்னியுங்கள். தங்கும் இடம் என்பது அந்தச் சொல்லின் ஒரு கிளை. அகாமடேட் என்றால் இன்னொருவருக்காகத் தன் பக்கத்தில் இடம் உண்டாக்குவது. அது அறையாகவும் இருக்கலாம். அட்டவணையில் இரண்டு நாளாகவும் இருக்கலாம். உங்கள் சூப்பர்வைசர் சொன்னது, "உங்களுக்காக எங்கள் ஏற்பாட்டை மாற்ற முடியாது" என்று.

இந்தப் பக்கத்தில் இதுவரை வந்த வினைகளில் எல்லாம் வந்தவர்தான் மாற வேண்டியிருந்தது. இதில் ஏற்கெனவே இருப்பவர் மாறுகிறார். எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். காரணம் ஒரு கரண்டி.

1970-ல் தோட்டத் தமிழ்ப்பள்ளி முடித்து டவுனில் ரிமூவ் கிளாஸில் சேர்ந்தேன். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முன் மொழி பழக ஒரு வருஷம். காலையில் பசியாறாமல் தோட்டத்து லோரியில் வருவேன். கேன்டீனில் ஒரு மலாய் மாக் சிக் (அம்மா வயதுப் பெண்). முதல் நாள் மீஹூன் வாங்கினேன். குழம்பு ஊற்ற வந்தவரிடம் வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினேன். பக்கத்துச் சட்டியில் மாட்டிறைச்சி, ஒரே கரண்டி இரண்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மலாய் அவ்வளவாக வராது, சொல்லத் தெரியவில்லை. வெறும் மீஹூனைத் தின்றேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் போனபோது, கோழிக் குழம்புச் சட்டியில் தனியாக ஒரு கரண்டி கிடந்தது. பிடியில் சிவப்பு ராஃபியா கயிறு சுற்றியிருந்தது, மற்றதோடு மாறிவிடாமல் இருக்க. மாக் சிக் அந்தக் கயிற்றை விரலால் தொட்டுக் காட்டினார், என்னைக் காட்டினார், ஊற்றினார். வருஷக் கடைசி வரை அந்தக் கரண்டி இருந்தது. கயிறு மட்டும் நிறம் போய் ரோஸ் ஆகிவிட்டது.

எழுதும்போது இரண்டு சி, இரண்டு எம். ஒன்று குறைந்தாலும் தப்பு. எழுத்திலேயே இரண்டு பேருக்கு இடம் வைத்த சொல் என்று என் மாணவர்களுக்குச் சொல்லுவேன்.

இனி உங்கள் விஷயம். "கேன்னாட்" என்று வந்த பிறகு சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு நாள் முடியாது என்றால் ஒரு நாள் கேளுங்கள், மாற்றுக்கு ஆளையும் நீங்களே சொல்லுங்கள். இப்படி எழுதலாம்: "குட் யூ அகாமடேட் லீவ் ஃபார் ஜஸ்ட் த சண்டே ஷிஃப்ட்? மை கொலீக் ஹேஸ் அக்ரீட் டு கவர் ஃபார் மீ." அந்த "அக்ரீட் டு" என்ற இடத்தில் வருவது வினைச்சொல்லின் முன்னால் வருகிற "டு", ஆகையால் "கவர்", "கவரிங்" இல்லை. கொலீக்கிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.